மூலம்னு நீங்களே முடிவு கட்டாதீங்க!



இந்தப் பகுதியில் சர்க்கரை, மூட்டு வலி, மார்பகக் கட்டி என்று பல சகோதரிகள் தங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதப் போவது, நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். வெளிக்குப் போவதைப் பற்றியது. தயவுசெய்து முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இது உங்களுக்கு எழுதிய கடிதம்தான்.

என் அப்பாவுக்கு வயது 69. கும்பகோணத்தில் 45 வருடமாகத் தையற்கடை வைத்திருப்பவர். நான் திருமணமாகித் திருச்சியில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கரண்ட் சிகிச்சை, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, கடவுள் புண்ணியத்தில் இப்போது நடமாடிக்கொண்டிருக்கிறார். அவரோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாட்களில் நான் தெரிந்துகொண்டதை மற்ற குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

எட்டு மாதம் 'சூடு'

அப்பாவுக்கு எட்டு மாதமாக ரத்தம் போயிருக்கிறது. கூடவே இருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. 'நாள் பூரா மெஷின் முன்னால உட்கார்ந்து வேலை பாக்கற உடம்பு, அதனால சூடு, அதனால மூலம்' என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நாட்டு மருந்துக் கடையில் கருணைக்கிழங்கு லேகியம் வாங்கிக் கடையிலேயே ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். வீட்டில், "வயிறு மந்தமா இருக்கு, மோர் சாதம் போதும்" என்பாராம்.

நடுவில் தலைசுற்றல் வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.8 தான் இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டாலே மலம் கறுப்பாகத்தான் போகும். அதனால் நிறம் மாறியதைக்கூட அப்பா பெரிதாக நினைக்கவில்லை.

பள்ளிக்கூட லீவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் மட்டும் ஐந்தாறு தடவை பாத்ரூம் போவதைக் கவனித்தேன். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அவரைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நேராகவே கேட்டேன்.

"அப்பா, வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதா?"

"பொம்பளப் புள்ளகிட்ட சொல்ற விஷயமாம்மா இது?"

"சின்ன வயசுல என்னைத் தூக்கிட்டுப் போயிக் கழுவி விட்டது நீங்கதானே? எங்கிட்ட என்னப்பா வெட்கம்?"

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "புரட்டாசியிலேர்ந்து போவுதும்மா. முழுசாப் போன மாதிரியே இருக்க மாட்டேங்குது" என்றார். அப்போது வைகாசி மாதம்.

மறுநாளே ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்: "இந்த வயசுல ரத்தம் குறைஞ்சா மாத்திரை கொடுத்தா மட்டும் போதாதும்மா. அந்த ரத்தம் எங்கே போகுதுன்னு தேடணும்." கையுறை போட்டுக்கொண்டு ஆசனவாய் வழியாக விரலால் சோதித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டி தட்டுப்பட்டுவிட்டது. பிறகு குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, சதைப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். மூன்றாம் கட்டம் என்றார்கள். அதாவது, குடலுக்குப் பக்கத்தில் உள்ள நெறிகட்டும் கணுக்கள் வரை பரவியிருக்கிறது, கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போகவில்லை.

மூலமா, வேறா?

ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எது மூலம், எது மூலம் இல்லை என்று ரத்தத்தை மட்டும் பார்த்து வீட்டில் இருந்தபடி சொல்லவே முடியாது. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். முடிவு சொல்ல வேண்டியது டாக்டர்தான்.

டாக்டர் என்னிடம் சொன்ன அறிகுறிகளை அப்படியே தருகிறேன்:

மலத்தில் ரத்தம், அல்லது தார் மாதிரி கறுத்துப் போவது.

வழக்கமான முறை மாறி, சில வாரங்களாக மலச்சிக்கலோ பேதியோ இருப்பது, அல்லது இரண்டும் மாறி மாறி வருவது.

போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருப்பது போன்ற உணர்வு. மலம் வழக்கத்தைவிட மெலிந்து போவது.

காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வயிற்று வலி, வயிற்றில் கட்டி.

காரணம் தெரியாத ரத்தசோகை. குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தால், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தமே போகாது. களைப்பும் மூச்சிரைப்பும்தான் முதலில் வரும்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெண்கள் நாம் இரண்டு தடவை படிக்க வேண்டும். 'பொம்பளைக்கு ரத்தசோகை சகஜம்' என்று முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டுவிட்டு இருந்துவிடுகிறோம். மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான மாமியாருக்கு ரத்தம் குறைகிறது என்றால், அது மாதவிலக்கால் அல்லவே! குடலையும் இரைப்பையையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நாமே கேட்க வேண்டும்.

கட்டி ஆகும் முன்பே பிடிக்கலாம்

இந்த நோயில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பெரும்பாலும் இது திடீரென்று வருவதில்லை. குடலின் உட்சுவரில் முதலில் மரு மாதிரி சின்னதாக ஒரு சதை முளைக்கும். அதை 'பாலிப்' என்கிறார்கள். எல்லா பாலிப்பும் புற்றாக மாறாது. மாறுகிறவையும் மாறுவதற்குப் பொதுவாகப் பத்து வருடம் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் கொலோனோஸ்கோப்பியில் பார்த்துவிட்டால், அந்தக் குழாய் வழியாகவே கிள்ளி எடுத்துவிடுவார்கள். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒரு லாபம் என்றால், வராமலே தடுப்பது அதைவிடப் பெரிய லாபம்.

இன்னொரு எளிய பரிசோதனை, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. 'ஃபிட்' என்கிறார்கள். சின்னக் குச்சியால் கொஞ்சம் எடுத்துக் குப்பியில் போட்டு லேபில் கொடுத்தால் போதும். ரத்தம் இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கொலோனோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இல்லை என்று வந்தாலும் ஒரே தடவையோடு விடக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறையோ, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ திரும்பச் செய்ய வேண்டும். ஒன்று ஞாபகம் வையுங்கள். இது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. கண் முன்னால் ரத்தம் போகிறவர்கள் இதோடு நிற்காமல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

ஜப்பானில் 1992 முதலே 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடா வருடம் மலப் பரிசோதனை செய்யும் திட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தபாலிலேயே பரிசோதனைக் குப்பி வீட்டுக்கு வந்துவிடும். அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயது 50 என்று இருந்ததை, இளம் வயதிலும் நோய் கூடுவதைப் பார்த்து 2021-ல் 45 ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டில் அரசாங்கப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள் இருக்கின்றன. குடல் இல்லை. யாரும் வீடு தேடி வந்து கேட்க மாட்டார்கள். நாம்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

2022-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. ஏறக்குறைய 9 லட்சம் பேர் இறந்துபோனார்கள். இது நம் ஊருக்குப் புதிய நோயும் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இறந்தது மலக்குடல் புற்றுநோயால்தான். அந்தத் துக்கம்தான் பல வருடம் கழித்து, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையாக ஆனது. ஒரு பெண் தன் கூடப்பிறந்தவளுக்காகப் பட்ட வேதனை எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்காகியிருக்கிறது.

அப்பாவிடம் சொல்வதா, வேண்டாமா?

நோய் தெரிந்ததும் உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்ன முதல் வார்த்தை, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு விட்டுடுவார்." அம்மாவும் அதையே சொல்லி அழுதார். ஆனால் ஆபரேஷனில் ஆசனவாயையே எடுத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கம் வழி வைத்துப் பை மாட்டுவார்கள் என்றார் டாக்டர். கட்டி அவ்வளவு கீழே இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பையோடு இருக்கப் போகிறவருக்குத் தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? என் தம்பியும் நானும் உட்கார்ந்து பேசி, அப்பாவிடம் சொல்லிவிட்டோம்.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "மெஷின்ல உட்கார முடியுமா?" முடியும் என்றார் டாக்டர். "அப்ப செய்ங்க" என்றார்.

முதலில் ஐந்து வாரம் கரண்ட். வாரத்துக்கு ஐந்து நாள், கூடவே மாத்திரை. எங்கள் வீட்டிலேயே தங்கினார். சில வாரம் கழித்து ஆபரேஷன்.

பை மாட்டிய முதல் வாரம் அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. நர்ஸம்மா அம்மாவுக்கும் எனக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வயிற்றில் தெரியும் அந்தக் குடல் நுனி சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி ஒற்றி எடுத்தால் போதும், எண்ணெயோ பவுடரோ போடக் கூடாது. ஒட்டும் தட்டில் துளையை அந்த நுனியைவிட இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாகிவிட்டால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். பை மூன்றில் ஒரு பங்கு நிறையும்போதே காலி செய்துவிட வேண்டும். முட்டை, வெங்காயம், மீன் சாப்பிட்டால் வாடை கூடும். தயிரும் மோரும் சேர்த்தால் குறையும்.

துளை வெட்டுவதை மூன்றாம் வாரமே அப்பா எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். "கத்திரிக்கோல் புடிச்ச கைம்மா இது" என்று கச்சிதமாக வெட்டினார். பிளாஸ்டிக் பை வயிற்றில் பட்டு வியர்க்கிறது என்று பழைய வேட்டித் துணியில் தானே ஓர் உறை தைத்து மாட்டிக்கொண்டார். அன்றைக்குத்தான் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கீமோ நாட்கள்

அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. ஒரு நாள் டிரிப், பதினாலு நாள் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. இந்த நோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்துக்கு விசித்திரமான குணம் உண்டு. குளிர்ச்சி பட்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். காலையில் சில்லென்ற எவர்சில்வர் டம்ளரைத் தொட்டாலே அப்பா கையை உதறுவார். எனவே வெந்நீர்தான் குடிக்க, வெந்நீர்தான் கைகழுவ. காலுக்கு சாக்ஸ்.

இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுத்தோம். வெளிச் சாப்பாடும் பச்சைக் காய்கறியும் கிடையாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருந்தது.

விரல் மரத்துப்போனால் 'போகப் போகச் சரியாகும்' என்று இருக்காதீர்கள். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. அதை டாக்டரிடம் சொன்னதும் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். சொல்லாமல் விட்டால் மரமரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாமாம். நோயாளி சொல்லக் கூச்சப்படுவதைக் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் காய்ச்சல், சாப்பாடு, எடை, வலி எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போவேன். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் டாக்டரிடம் அந்த நோட்டு நூறு பேச்சுக்குச் சமம்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருடத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். எங்களுக்கு ஆபரேஷனில் கைகொடுத்தது அந்த அட்டைதான். நோய் வரும்வரை காத்திருக்காமல் அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள். ரயிலிலும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் சலுகை உண்டு. ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

எங்கள் முறை

அப்பாவின் கீமோ முடிந்த அன்று டாக்டர் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு, "அடுத்தது நீங்க ரெண்டு பேரும்" என்றார். பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி பார்க்க வேண்டுமாம். அவருக்கு நோய் தெரிந்தது இளம் வயதில் என்றால், அந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. எனக்கு 44, தம்பிக்கு 41.

தம்பி, "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே" என்று நழுவினான். தம்பி மனைவி விடவில்லை. "உங்க அப்பாவும் எட்டு மாசம் அதைத்தான் சொன்னாரு" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாள்.

கொலோனோஸ்கோப்பி என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். கஷ்டம் அதற்கு முந்தின நாள்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள காய்கறி, கொய்யா வேண்டாம். முந்தின நாள் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், தெளிந்த ரசம், இளநீர், பால் விடாத டீ மட்டும். அப்புறம் அவர்கள் கொடுக்கும் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வயிறு சுத்தமாகும்வரை பாத்ரூம் பக்கமே இருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இரும்புச் சத்து மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மயக்க ஊசி போடுவதால் பரிசோதனை தெரியவே தெரியாது. அரை மணி நேரம்தான். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

எனக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு இரண்டு பாலிப் இருந்தது. ஒன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேல். அங்கேயே எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் புற்று இல்லை, விட்டிருந்தால் பின்னால் மாறக்கூடிய வகை என்று வந்தது. மூன்று வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 41 வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தச் சீட்டைப் படித்ததும் தம்பி மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அப்பாவுக்கு முழுக்கக் குணமாகிவிட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஐந்து வருடம் கண்காணிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அப்பா காலையில் இரண்டு மணி நேரம் கடையில் உட்காருகிறார். பழைய வாடிக்கையாளர்களின் அளவு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. யாருக்காவது இடுப்பு அளவு குறைந்திருந்தால், டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறாராம்: "ஏம்பா, போன தடவைக்கு ரெண்டு இஞ்சு கம்மியா இருக்கே. வெளிக்கு ஒழுங்காப் போவுதா? ரத்தம் கித்தம் வருதா?"

அவரே வெட்கத்தை விட்டுவிட்டார். தோழிகளே, நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தனியாக உட்கார வைத்து மூன்றே கேள்வி கேளுங்கள். ரத்தம் வருதா? வழக்கம் மாறியிருக்கா? எடை குறையுதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் லேகியத்தைத் தேடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.